பதில் வரும் வரை காத்திருங்கள்

பிறவியிலேயே குரோமோசோம் மாறுபாட்டால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பேச்சு குறித்துச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பெயர் வேண்டாம் என்று பலர் குறிப்பிட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன். தஞ்சாவூரில் நெடுங்காலமாகப் பேச்சுப் பயிற்சி அளித்துவருபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் மகளுக்கு மூன்றரை வயது. சொல்வதெல்லாம் புரிகிறது; செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருகிறாள். ஆனால் ‘அம்மா’, ‘தா’ தவிர வேறு பேச்சில்லை. மாமியார் தினமும் நாக்கில் வசம்பு தேய்க்கிறார். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால்தான் பேச்சு வரவில்லை, அறுவை சிகிச்சை செய்யுங்கள் என்கிறார் ஓர் உறவினர். கை காட்டிக் கேட்கப் பழக்கினால் வாய்ப்பேச்சே வராது என்றும் பயமுறுத்துகிறார்கள்.
*— ஒரு தாய், ராசிபுரம்*

அம்மா, செருப்பை எடுத்து வருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி அதுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குப் புரிதல் முன்னே போகும், பேச்சு வெகுவாகப் பின்தங்கி வரும். சொல்வதற்கு மனதில் நிறைய இருக்கும், வாய் ஒத்துழைக்காது. அந்தத் தவிப்பில் தட்டைத் தள்ளிவிட்டால், தரையில் படுத்து அழுதால், பிடிவாதக்காரி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

முதலில் காதைப் பாருங்கள். இந்தக் குழந்தைகளுக்குக் காதுத் துவாரமும், நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் குழாயும் குறுகலாக இருக்கும். சளி பிடித்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வடியாமல் நிற்கும். வலி இருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. குழந்தைக்கோ நாம் பேசுவது தண்ணீருக்கடியில் இருந்து கேட்பதுபோல் கேட்கும். ‘பால்’, ‘கால்’, ‘வால்’ மூன்றும் அவளுக்கு ஒரே ஒலியாகிவிடும். பிறந்தபோது செய்த பரிசோதனையில் குறையில்லை என்று சொல்லியிருந்தாலும் அத்தோடு விட்டுவிடக் கூடாது. சிறு வயதில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், இரண்டு காதும் தனித்தனியே நன்றாகக் கேட்கின்றன என்று உறுதியான பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். ஒத்துழைக்காத குழந்தைக்குத் தூங்கும்போதே எடுக்கக்கூடிய பெரா (BERA) என்ற செவித்திறன் பரிசோதனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. (வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) என்று பலகை வைத்த பிரிவு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். இதயம், தைராய்டு, கண், காது, பேச்சுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் அங்கிருந்து வழிகாட்டுவார்கள்.

நாக்கு விஷயம். அது பார்வைக்குத்தான் பெரிதாகத் தெரிகிறது. மேல்தாடை சிறியது, அண்ணம் குறுகலானது, நாக்கின் தசை தளர்வானது. உள்ளே இடம் போதாமல் நாக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. நாக்கின் அளவைக் குறைக்கும் அறுவை சிகிச்சையை 1980-களில் வெளிநாடுகளில் செய்து பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உச்சரிப்பை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது முன்னேற்றம் தென்படவில்லை. பேச்சு வரும் என்று நம்பி அந்தக் கத்தியைக் குழந்தையின் வாயில் வைக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மூக்கடைப்பால் வாயைத் திறந்தே வைத்திருக்கிறாளா, இரவில் குறட்டை விடுகிறாளா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அதனால் பலன் உண்டு.

வசம்பை நிறுத்திவிடுங்கள். அது பேச்சைக் கொண்டுவராது, வயிற்றைக் கெடுக்கலாம். ஆனால் மாமியாரை மனம் நோகச் செய்யாதீர்கள். அவருடைய அக்கறையை வேறு வேலைக்குத் திருப்புங்கள். கை வீசி, முகம் பார்த்துப் பாடும் பழைய பாட்டுகள் அவருக்குத்தான் தெரியும். தினமும் அதே பாட்டைப் பாடட்டும். ஒரு வாரம் கழித்து, வரியின் கடைசிச் சொல் வரும் இடத்தில் பாடாமல் நிறுத்திக் குழந்தையின் முகத்தைப் பார்க்கட்டும்.

கை காட்டிப் பேசினால் வாய்ப்பேச்சு நின்றுபோகும் என்பது தவறான பயம். கட்டை விரலை வாயருகே கொண்டுபோய்த் தண்ணீர் கேட்பது, கை விரித்து ‘இல்லை’ என்பது, ‘இன்னும்’, ‘போதும்’, ‘வா’ என்று சைகை செய்வது எல்லாம் பேச்சுக்கு ஏறும் படிகள். நீங்கள் சைகை காட்டும்போது கூடவே வாயாலும் சொல்லுங்கள். வாய்ச்சொல் வந்ததும் அந்தச் சைகையைக் குழந்தை தானாகவே விட்டுவிடும். வளர்ந்த பிறகும் சொற்கள் போதவில்லை என்றால் படத்தைத் தொட்டால் பேசும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசுகிறது.

இனி சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிப் பயிற்சி அங்கேதான் நடக்கிறது. இட்லி வைக்கிறீர்கள், சட்னியை வைக்கவில்லை. கிண்ணம் அவள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், ஆனால் கைக்கு எட்டாமல் இருக்கிறது. அவள் உங்களைப் பார்ப்பாள். உடனே “சட்னி வேண்டுமா, இந்தா” என்று ஊற்றிவிடாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் நிதானமாகப் பத்து வரை எண்ணுங்கள். காதில் விழுந்ததை எடுத்துக்கொள்ளவும், பதிலைத் தேடவும், நாக்கையும் உதட்டையும் அதற்கு வளைக்கவும் அவளுக்கு அவ்வளவு நேரம் வேண்டும். நாலாவது எண்ணில் நாம் குறுக்கே பேசினால் அவள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘ச’ என்றாலும், கை நீட்டினாலும், கிண்ணத்தைப் பார்த்து உங்களைப் பார்த்தாலும் அது பதில்தான். “சட்னி! சட்னி தா” என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிக்கொண்டே ஊற்றுங்கள். அவளைத் திருப்பிச் சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள். பசியோடு இருக்கும் குழந்தையைச் ‘சொன்னால்தான் தருவேன்’ என்று அழவிடுவது பயிற்சி ஆகாது.

டொராண்டோவில் இருக்கும் என் பேரனுக்கு ஐந்து வயது. வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி அவனுக்குத் தாங்காது என்று யாரோ சொல்ல, மகனும் மருமகளும் அப்படியே செய்கிறார்கள். வீடியோவில் பேரனிடம் பேச எனக்கு ஆங்கிலம் தெரியாது.
*— ஒரு தாத்தா, காரைக்குடி*

ஐயா, இதற்கான விடை அவர்கள் வாழும் கனடாவிலேயே இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள இருமொழிக் குழந்தைகளை, ஆங்கிலம் மட்டும் பேசும் அதே நிலையிலுள்ள குழந்தைகளோடு ஒப்பிட்டு எலிசபெத் கே-ரெய்னிங் பேர்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2005-இல் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்ந்ததால் ஆங்கிலம் பின்தங்கியதாக அதில் தெரியவில்லை. இதை மகனிடம் சொல்லுங்கள். வீட்டில் அடுப்பங்கரையிலும் படுக்கையிலும் புழங்கும் மொழியை அவனிடமிருந்து மட்டும் மறைத்தால், பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது எதுவும் அவனுக்குப் புரியாமல் போய்விடும். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். ஒரு பொருளைக் கையில் பிடித்துக் காட்டி, அதன் பெயரைச் சொல்லி, அவனும் அங்கே அதே பொருளைத் தேடி எடுத்து வரும் வரை காத்திருங்கள். வாழைப்பழத்தில் தொடங்கலாம்.

எட்டு வயது மகன் பேசுவது தெளிவில்லை. பேச்சு வந்த பிறகு எழுத்து கற்றுத்தரலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். காத்திருக்கட்டுமா?
*— ஒரு தந்தை, திண்டுக்கல்*

ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம். கண்ணால் பார்த்தது நிற்கும். சொல் ஒலித்து மறைந்துவிடுகிறது. அட்டையில் எழுதிய சொல் அவன் பார்க்கும் வரை அங்கேயே இருக்கிறது. 1980 வாக்கில் இங்கிலாந்தில் ஒரு தந்தை, டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகளுக்கு மூன்று வயதிலிருந்தே சொல் அட்டைகளைக் காட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்ததைப் பற்றி சூ பக்லி என்ற உளவியலாளருக்குக் கடிதம் எழுதினார். பக்லி அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். வாசிப்பு பேச்சுக்கே உதவுகிறது என்பது அந்த வழியில் வெளிவந்ததுதான்.

‘அ’, ‘ஆ’ என்று தொடங்க வேண்டியதில்லை. அவன் மனதுக்கு நெருக்கமான சொற்களை முழுதாகவே பெரிய எழுத்தில் எழுதுங்கள்: அவன் பெயர், அம்மா, பஸ், தோசை. முதலில் ஒரே மாதிரியான இரண்டு அட்டைகளைச் சேர்க்கட்டும், பிறகு கேட்டதை எடுத்துத் தரட்டும், அதன் பிறகு சொல்லட்டும். தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் சொற்களின் வால்தான் பொருளைச் சுமக்கிறது. இவர்கள் பேச்சில் முதலில் உதிர்வதும் அந்த வால்தான். ‘அப்பா கடை போ’ என்பான். திருத்திக்கொண்டே இருந்தால் வாயை மூடிக்கொள்வான். ‘அப்பா’, ‘கடைக்கு’, ‘போனார்’ என மூன்று அட்டைகளை வரிசையாக வைத்து, ‘க்கு’, ‘னார்’ இரண்டையும் சிவப்பு மையில் எழுதுங்கள். கண் பிடித்துக்கொள்ளும்.

பள்ளிக்கும் ஒன்றை நினைவூட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. வகுப்பில் உட்காரவைத்துவிட்டு எழுத்தைத் தள்ளிப்போடுவது கல்வி அல்ல.

தம்பிக்கு 27 வயது. மாலையில் அறைக்குள் போய்த் தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். மனநோய் தீரும் என்று நம்பிப் பலர் போகும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டார்.
*— ஓர் அக்கா, திருநெல்வேலி*

பெருமாளைச் சேவிக்க வேண்டுமானால் போய்வாருங்கள். மனநோய் என்று முடிவுகட்டிப் போக வேண்டாம். தனக்குத்தானே பேசுவது டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களிடம் மிகச் சாதாரணம் என்று அமெரிக்காவில் இவர்களுக்கென்றே மருத்துவ மையம் நடத்திய மெக்குவயர், சிகோயின் இருவரும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பகலில் நடந்ததை அசைபோடவும், நாளை செய்ய வேண்டியதை ஒத்திகை பார்க்கவும், கோபத்தை ஆற்றிக்கொள்ளவும் அவர்கள் அப்படிப் பேசுகிறார்கள். தனி அறைக்குப் போய்ப் பேச வேண்டும் என்ற இங்கிதம் உங்கள் தம்பிக்கு இருக்கிறதே, அதைப் பாராட்டுங்கள். கதவருகே நின்று ஒட்டுக்கேட்க வேண்டாம்.

பேச்சின் தொனி திடீரென்று மாறினால், தன்னையே திட்டிக்கொண்டால், தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், செய்துவந்த வேலைகளை விட்டுவிட்டால் மட்டும் மருத்துவரிடம் செல்லுங்கள். தைராய்டு, காது, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்கு அல்சைமர் நோயும் மற்றவர்களைவிட முன்னதாகவே வரக்கூடும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குணப்படுத்தக்கூடிய காரணங்களை முதலில் தேட வேண்டும்.

என் மகளுக்கு 19 வயது. தொழிற்பயிற்சி மையத்துக்கு டவுன் பஸ்ஸில் தனியாகப் போக ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா?
*— ஒரு தாய், கோவை*

அனுப்பலாம், படிப்படியாக. முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு இரண்டு இருக்கை தள்ளி, பிறகு நிறுத்தத்தில் நின்று வழியனுப்புங்கள். கட்டணமில்லாப் பயணம் என்றாலும் நடத்துநர் “எங்கே?” என்று கேட்பார். நிறுத்தத்தின் பெயரில் அவளுக்குத் தெளிவாக வரும் பகுதியை மட்டும் பழக்குங்கள். காந்திபுரம் என்றால் ‘காந்தி’ போதும். நிறுத்தத்தின் பெயரும் உங்கள் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். அட்டையை எப்போது நீட்டுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

என் மளிகைக் கடைக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள ஓர் இளைஞர் தினமும் வருகிறார். சொல்வதில் பாதி எனக்குப் புரிவதில்லை. தலையாட்டிவிட்டு, அவருடைய அம்மாவுக்குப் போன் செய்து கேட்டுப் பொருளைக் கொடுக்கிறேன். இது சரியா?
*— ஒரு கடைக்காரர், மன்னார்குடி*

கேட்டு எழுதினீர்களே, அதற்கே நன்றி ஐயா. புரியாமல் தலையாட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். புரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும், வருத்தமாக இருக்கும். “அரை கிலோ என்று புரிந்தது தம்பி, என்ன பொருள்?” என்று புரிந்த பாதியைத் திருப்பிச் சொல்லுங்கள். முழுவதையும் மறுபடி சொல்லும் சிரமம் அவருக்குக் குறையும். கொத்தமல்லி போன்ற நீண்ட சொற்களில் ஓர் அசையோ இரண்டோ விழுங்கிப் போகும். ‘மல்லி’ என்று காதில் விழுந்தால் எடுத்துக் காட்டிக் கேளுங்கள். திக்கினால் நீங்கள் முடித்து வைக்காதீர்கள். இவர்களில் பலருக்குத் திக்கல் உண்டு. பின்னால் நிற்பவர் அவசரப்பட்டால், “இவர் முடிக்கட்டும்” என்று நீங்கள் சொன்னால் கடையில் எல்லோரும் கேட்பார்கள்.

அம்மாவிடம் கேட்க வேண்டி வந்தால், “அம்மாவுக்குப் போன் செய்யட்டுமா?” என்று முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். போனையும் அவர் கையிலேயே கொடுங்கள். மீதிச் சில்லறையைப் பொருளோடு பையில் போடாமல், தொகையைச் சொல்லி அவர் கையில் எண்ணிக் கொடுங்கள். வழக்கமாக வாங்கும் பொருள்களின் படங்களை ஒரு தாளில் ஒட்டிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், கூட்டமான நேரத்தில் அவர் தொட்டுக் காட்டலாம். எந்தெந்தப் படங்களை ஒட்டுவது என்பதை நாளைக்கு அவர் வரும்போது அவரிடமே கேளுங்கள்.