பகடையும் பாத்திரமும்: வாசகர் கேள்வி – பதில்

கே: ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் என் ஃபைட்டருக்கு (சண்டை வீரர்) இன்டெலிஜென்ஸ் 8. நான் ஏதாவது யோசனை சொன்னாலே எங்கள் டிஎம் (கதையை நடத்துபவர்), ‘உன் கேரக்டருக்கு இதெல்லாம் தோணாது’ என்று தடுத்துவிடுகிறார். மூன்று வாரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது சரிதானா?
– வாசகர், வேளச்சேரி

ப: சரியில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரியும். 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தபோது, மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டித்தான் இன்டெலிஜென்ஸ், ஸ்ட்ரெங்த் போன்ற ஒவ்வொரு திறனுக்கும் ஸ்கோரை எடுத்தார்கள். மூன்று பகடைகள் விழக்கூடிய விதங்கள் 216. அவற்றில் 8 அல்லது அதற்குக் கீழே வருபவை 56. அதாவது தெருவில் போகிற நாலு பேரில் ஒருவருக்கு 8-தான், இல்லை அதற்கும் கம்மி. நாலில் ஒருவரை முட்டாள் என்று சொல்வோமா? 5-ம் அதற்குக் கீழும் வருவது வெறும் 10 விதங்களில்தான். ஊரே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு மந்தம் என்றால் அந்த இடத்தைச் சொல்லலாம்.

ஐந்தாம் பதிப்பில் ஆடுகிறீர்கள் என்றால் இன்னும் சுலபம். ஸ்கோரில் 10-ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்நோக்கி முழு எண்ணாக்கினால் மாடிஃபையர், அதாவது பகடையில் விழுந்த எண்ணோடு சேர்க்கிற எண். 8-க்கு மைனஸ் 1. இருபது முகப் பகடையில் அதன் மதிப்பு 5 சதவீதம். சராசரி ஆளைவிட உங்கள் ஃபைட்டர் இருபது முயற்சியில் ஒரு தடவை கூடுதலாகச் சறுக்குவார், அவ்வளவுதான். 15, 14, 13, 12, 10, 8 என்ற ஸ்டாண்டர்ட் அரேயில் (உருட்டாமல் பங்கிட்டுக்கொள்ளும் ஆயத்த எண்கள்) கேரக்டர் செய்தால் எல்லோருமே எங்காவது ஓரிடத்தில் 8-ஐ வைத்துத்தான் ஆரம்பிக்கிறார்கள். அது இன்டெலிஜென்ஸில் விழுந்தவரை மட்டும் ஊமையாக்குவது அநியாயம்.

அப்படியானால் 8-ஐ எப்படி ஆடுவது? யோசனை வரட்டும், ஆனால் அவர் தொழிலிலிருந்து, அவர் பேச்சில் வரட்டும். கிடங்கில் ஒரு சரக்குக் கணக்கு ஏடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டுக்குள்ளேயே கூட்டல் உதைக்கிறது என்பதை விசார்ட் (மந்திரவாதி) கண்டுபிடிப்பார். உங்கள் ஃபைட்டர் வாசலில் நின்று, “நூறு மூட்டை ஏத்துன வண்டின்னு சொல்றீங்க, சக்கரத் தடம் இவ்ளோதான் பதிஞ்சிருக்கா?” என்று கேட்கலாம். முடிவு ஒன்றுதான், வந்த வழி வேறு. பழைய வரலாறு, மந்திரக் குறிகள், நினைவிலிருந்து எடுக்க வேண்டிய சங்கதி என்றால் மட்டும் பகடையிடம் விட்டுவிடுங்கள். உங்கள் டிஎம்மிடமும் சொல்லிப் பாருங்கள்: ‘உனக்குத் தோணாது’ என்பதற்குப் பதிலாக ‘உனக்கு எப்படித் தோணிச்சு?’ என்று அவர் கேட்டால் போதும்.

ஒன்றே ஒன்று. குறைந்த ஸ்கோரைக் காட்ட மழலையிலோ திக்கித் திக்கியோ பேசாதீர்கள். பேச்சுத் திக்குவதற்கும் அறிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நிஜ வாழ்க்கையில் அப்படிப் பேசுகிற ஒருவர் அதே மேசையில் இருந்தால் அவருக்கு எவ்வளவு வலிக்கும்!

கே: எங்கள் குழுவில் பார்டுக்கு (பாணர்) கரிஷ்மா, அதாவது ஆளை ஈர்க்கும் திறன், 17; ஆடுகிற தோழி கூச்ச சுபாவம். கரிஷ்மா 8 வைத்திருக்கும் இன்னொருவர் நிஜத்தில் நன்றாகப் பேசுவார். கடைசியில் எல்லாப் பேரத்தையும் அவரே முடித்துவிடுகிறார்.
– வாசகி, அண்ணா நகர்

ப: பல மேசைகளில் இருக்கிற கோளாறு இது. முதலில் வசனம், அது டிஎம்முக்குப் பிடித்துவிட்டால் பகடையே இல்லை. இப்படி ஆடினால் கேரக்டர் ஷீட்டில் கரிஷ்மா என்ற வரியே வீண். ஸ்ட்ரெங்த் 18 வைத்திருப்பவரை ‘எங்கே, ரெண்டு தண்ணி கேனைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறு பார்ப்போம்’ என்று நாம் சொல்வதில்லையே!

வரிசையை மாற்றுங்கள். ஆடுகிறவர் மூன்று விஷயம் சொன்னால் போதும்: யாரிடம், என்ன வேண்டும், எதை வைத்துக் கேட்கிறோம். “என் பார்ட் அந்தக் காவலனிடம் அவன் சொந்த ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்து, அவன் மகள் கல்யாணக் கடனை மெதுவாக நினைவுபடுத்தி, பின்வாசலைத் திறக்கச் சொல்கிறாள்.” இதில் வசனமே இல்லை, ஆனால் பேரம் முழுதும் இருக்கிறது. டிஎம் இதைக் கேட்டு, பகடையும் மாடிஃபையரும் சேர்ந்து எட்ட வேண்டிய இலக்கை நிர்ணயிக்கட்டும்: சுலபம் 10, நடுத்தரம் 15, கடினம் 20. அப்புறம் பகடை. நடிப்பு அதற்குப் பிறகு, விழுந்த எண்ணுக்கு ஏற்றபடி.

நன்றாகப் பேசுகிறவருக்கு அநியாயமாகாதா? ஆகாது. இலக்கு 15 என்றால், கரிஷ்மா 17-க்கு 3, பெர்சுவேஷன் (இணங்க வைத்தல்) பயிற்சிக்கு முதல் லெவலில் 2, ஆக உங்கள் தோழிக்கு 10 விழுந்தால் போதும். 55 சதவீத வாய்ப்பு. நண்பருக்கு 16 விழ வேண்டும், 25 சதவீதம். அவர் வாதம் உண்மையிலேயே அருமை என்றால் அட்வான்டேஜ் கொடுங்கள். இரண்டு பகடையில் பெரியதை எடுக்கும்போது அது ஏறக்குறைய 44 ஆகும். உழைப்புக்குப் பலன் கிடைத்தது. ஆனாலும் பார்டை மிஞ்சவில்லை. கையில் ராஜ முத்திரையே இருந்தால் யாருக்கும் பகடை வேண்டாம், கதவு திறக்கட்டும்.

நண்பர் தோற்றால் அவர் சொன்ன வாதத்தை முட்டாள்தனமாக்காதீர்கள். சொன்னது நியாயம், சொன்ன தொனி கடன் வசூலிக்க வந்தவர் மாதிரி இருந்தது என்று சொல்லுங்கள். சிலர் நல்ல விஷயம் பேச ஆரம்பிக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் வேறு பேச்சை எடுத்துவிடுவார், பார்த்திருப்பீர்கள். கரிஷ்மா 8 அதுதான். அழகுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கே: ஸ்ட்ரெங்த் 8 என்றால் நோஞ்சானா?
– வாசகர், பெரம்பூர்

ப: இல்லை. ஐந்தாம் பதிப்பு விதிப்படி ஸ்கோரைப் பதினைந்தால் பெருக்கினால் சுமக்கக்கூடிய பவுண்டு. 8-க்கு 120 பவுண்டு, சுமார் 54 கிலோ. இருபது லிட்டர் தண்ணி கேன் இரண்டைச் சுமந்து நடப்பவரை நோஞ்சான் என்று யார் சொல்வார்?

கே: இன்டெலிஜென்ஸுக்கும் விஸ்டத்துக்கும் ஆட்டத்தில் என்ன வித்தியாசம் காட்டுவது?
– வாசகர், திருவான்மியூர்

ப: படிப்பறிவு, பட்டறிவு என்று நாம் பிரிப்பது கிட்டத்தட்ட அதுதான். கல்வெட்டைப் பார்த்ததும் ‘கல் பழசு, எழுத்து புதுசு’ என்பவர் இன்டெலிஜென்ஸ். அதைக் காட்டிக்கொண்டிருக்கும் பூசாரியின் கை நடுங்குவதைக் கவனிப்பவர் விஸ்டம். முன்னது 16, பின்னது 8 என்றால், எந்த மன்னர் காலம் என்று சரியாகச் சொல்லிவிட்டுப் பணப்பையை டீக்கடை பெஞ்சிலேயே விட்டு வருகிற ஆள்.

டிஎம்மாக இருந்தால் எல்லோருடைய பாஸிவ் பெர்செப்ஷனையும் (உருட்டாமலே எவ்வளவு கவனிப்பார் என்ற எண்) ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். பயிற்சி இல்லாதவருக்கு 10-உடன் விஸ்டம் மாடிஃபையர்: 8-க்கு 9, 16-க்கு 13. இலக்கு 12 உள்ள பொறியை யார் பார்த்தார் என்று கேட்காமலே தெரியும். ‘எல்லோரும் உருட்டுங்கள்’ என்று சொன்ன அந்த நொடியே, எதையும் கவனிக்காத கேரக்டரை ஆடுகிறவரும் உஷாராகிவிடுவார்.

கே: நான் டிஎம். இன்டெலிஜென்ஸ் 18 உள்ள விசார்டை ஆடுபவருக்குப் புதிர் என்றாலே திணறல். விடையை நானே சொல்லிவிடலாமா?
– வாசகர், தாம்பரம்

ப: விடையைச் சொன்னால் அவர் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார். நேரமும் தகவலும் கொடுங்கள். சண்டையில் ஒரு ரவுண்டு 6 விநாடி. அவர் மட்டும் மற்றவர்களைக் கலந்து பேச ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும். அவ்வளவு பேர் மூளையும் சேர்ந்தால்தான் 18-க்கு ஈடாகும். ஓர் அமர்வுக்கு ஒரு முறை, ‘இதை நான் முன்பே எதிர்பார்த்தேன்’ என்று சொல்லி, ஊர்க் கடையில் கிடைக்கிற சாதாரணப் பொருள் ஒன்றைப் பையிலிருந்து எடுக்கவும் அனுமதிக்கலாம். விலையை அவர் பணத்தில் கழித்துவிடுங்கள்.

புதிரில் பார்த்ததைச் சொல்லுங்கள், முடிவைச் சொல்லாதீர்கள். ‘கதவில் மூன்று பூட்டு, நடுப்பூட்டில் மட்டும் துரு இல்லை’ என்று நிறுத்திக்கொள்ளுங்கள். ‘நடுப்பூட்டைத்தான் தினமும் திறக்கிறார்கள்’ என்று அவர் வாயிலிருந்து வரட்டும். இரண்டு நிமிடமாகியும் வரவில்லை என்றால், அப்போது உருட்டச் சொல்லுங்கள். இலக்கை எட்டினால் அதையும் கொடுத்துவிடலாம்.