விமானம் ஏற நடுங்குகிறேன், மகளோ பிடிவாதம் பிடிக்கிறாள்!

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 58. குன்னூரில், காட்டேரிப் பக்கம் இருக்கிறோம். கணவர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள். கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். இப்போது எட்டாவது மாதம். அடுத்த மாதம் 12-ம் தேதி கோவையிலிருந்து எனக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகன் டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அத்தை, பெட்டியைக் கட்டுங்க" என்கிறார்.

விமானம் என்றாலே எனக்குக் கை கால் உதறும். 2021 டிசம்பர் 8-ம் தேதி நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததே, அந்தப் புகையைக் கண்ணால் பார்த்தவள் நான். தளபதி பிபின் ராவத், அவர் மனைவி என்று மொத்தம் 14 உயிர். இன்றைக்கும் வெலிங்டன் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இது யாருக்கும் புரியவில்லை. கணவர், "மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு அது எவ்வளவோ பத்திரம்" என்று சிரிக்கிறார். சம்பந்தியம்மா இரண்டு தடவை போய் வந்துவிட்டார், அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. மகளும் முன்போல இல்லை. 2023-ல் முதல் கரு ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனபோதும் என்னால் போக முடியவில்லை. பாஸ்போர்ட் கையில் இருந்தது. அப்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை, "பரவால்லம்மா, நீ பயப்படாத, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொன்னாள். இப்போது மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

பிரசவ லேகியம் கிண்டி கூரியரில் அனுப்புகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டாள். பிள்ளைத்தாச்சிக்கு இவ்வளவு கோபம் ஆகுமா? டிக்கெட் போடும் முன் பெற்றவளைக் கேட்க வேண்டாமா? அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டினால், நெஞ்சை அடைத்தால் யார் பார்ப்பார்கள்? பயம் போக வழி சொல்லுங்கள். இல்லையென்றால் அவளுக்குப் புரியும்படி நீங்களாவது நாலு வார்த்தை எழுதுங்கள்.

- ஒரு தாய், குன்னூர்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் 2023 என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். உங்கள் மகள் ஒரு குழந்தையை இழந்ததை, சம்பந்தியம்மா மேலுள்ள மனத்தாங்கலுக்கும் லேகியத்துக்கும் நடுவில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள்.

ஐந்தாம் மாதம் என்றால் வயிற்றில் அசைவு தெரியத் தொடங்கியிருக்கும். அதையும் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு வந்தவள், போனில் உங்களைத் தேற்றியிருக்கிறாள். நீங்கள் பேச வேண்டிய வார்த்தைகளை அவள் உங்களுக்குப் பேசியிருக்கிறாள். இதை எழுதும்போது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் உங்களுக்காக அவளுக்குக் கடிதம் எழுத என்னால் முடியாது.

அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். அன்று சொல்லாததைத்தான் இன்று டிக்கெட்டாக அனுப்பியிருக்கிறாள். முன்கூட்டிக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? அது அவளுக்குத் தெரியும். அந்தப் பதிலை இன்னொரு முறை கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

உங்கள் பயத்தைப் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தப் புகையைப் பார்த்த யாருக்கும் உடம்பு உதறத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கோவையில் ஏறுவது ஒரு பயம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, அன்றைக்கு வராத அம்மாவாக அவள் முகத்தைப் பார்ப்பது அதைவிடப் பெரிய பயம். முதல் பயத்தைச் சொன்னால் ஊரே ஒப்புக்கொள்ளும். இரண்டாவதை உங்களிடமே நீங்கள் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் பயத்துக்குச் சில விவரங்கள் சொல்கிறேன். அந்த ஹெலிகாப்டர் மலைகளுக்கு நடுவே தாழப் பறந்தது. வானிலை சட்டென்று மாறி மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்கு நிலை தடுமாறியது என்று 2022 ஜனவரியில் விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு வந்தது. நீங்கள் ஏறப்போகும் விமானம் 30,000 அடிக்கு மேலே போகும். நம் தொட்டபெட்டாவே 8,650 அடிதான். மூச்சு முட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் வைத்திருப்பார்கள். குன்னூர் ஏறத்தாழ 6,000 அடி, ஊட்டி 7,300 அடிக்கு மேல். நீங்கள் பிறந்ததிலிருந்து சுவாசிக்கும் காற்றுதான் அம்மா அது. சமவெளிக்காரர்களுக்குத்தான் அது புதிது! காது அடைத்தால், பர்லியாறு இறங்கும்போது செய்வது போல எச்சிலை விழுங்குங்கள். படபடப்பு வந்தால் அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கும். இறக்கைக்குப் பக்கத்து இருக்கையில் குலுக்கல் குறைவாகத் தெரியும். நெஞ்சு பற்றிய சந்தேகத்தை டாக்டரிடம் இந்த வாரமே காட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் கொடுக்கும் தூக்க மாத்திரை எதையும் போட வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 12-ம் தேதி கால் நடுங்கலாம். நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே ஏறியவர்கள் எத்தனையோ பேர்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று ராத்திரி மகளுக்குப் போன் போடுங்கள். டிக்கெட் பேச்சு வேண்டாம், ஹெலிகாப்டர் பேச்சும் வேண்டாம். "அன்னைக்கு நான் வந்திருக்கணும் கண்ணு, வரல" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பின்னால் "ஆனா" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அவள் அழலாம், கத்தலாம், பேசாமலே இருக்கலாம். பேசாமல் இருந்தால் நீங்களும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள், கேட்டால் மறுபடியும் அவள்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்தக் குழந்தைக்குப் பெயர் ஏதும் நினைத்து வைத்திருந்தாளா என்று இதுவரை யாராவது கேட்டிருப்பார்களா? மனசு வந்தால் நீங்கள் கேளுங்கள்.

லேகியத்தைக் கூரியரில் போட வேண்டாம், நீங்களே கொண்டுபோங்கள். கைப்பையில் வைக்காதீர்கள், பசை போன்ற எதையும் 100 மில்லிக்கு மேல் சோதனையில் விடமாட்டார்கள். நன்றாக ஆறவைத்து, மூடி இறுக்கி, செக்-இன் கவுன்ட்டரில் கொடுத்துவிடும் பெட்டியில் உங்கள் சேலைகளுக்கு நடுவில் வையுங்கள்.