ஐஎம்எஃப்பிடம் ஆசிய நாடுகள் எதை முதலில் கேட்க வேண்டும்? டெல்லித் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்

முனிர்கா மாணவர்: சார், ஐஎம்எஃப் என்கிற சர்வதேச நாணய நிதியத்தின் குழு வருஷா வருஷம் டெல்லிக்கு வருகிறதே, உள்ளே என்னதான் பேசுவார்கள்?

அதற்கு ‘ஆர்ட்டிகிள் 4’ ஆலோசனை என்று பெயர். ஐஎம்எஃப்பிடம் கடன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் உண்டு. நிதி அமைச்சகத்தில் பற்றாக்குறை, ரிசர்வ் வங்கியில் வட்டி, ரூபாய் மதிப்பு, வாராக்கடன் என்று குடைந்து குடைந்து கேட்பார்கள். அறிக்கை வாஷிங்டன் நிர்வாகக் குழுவுக்குப் போகும். முதலீட்டாளர்களும் அதைப் படிப்பதால் வெறும் ஆலோசனைதானே என்று விட்டுவிட முடியாது.

கரோல் பாக் வாசகி: ஐஎம்எஃப்பில் இந்தியாவுக்கு ஓட்டே குறைவு, பேசி என்ன பிரயோஜனம்?

கோபம் நியாயம்தான் அம்மா. நமக்குச் சுமார் 2.6 சதவீத ஓட்டு, சீனாவுக்கு 6, அமெரிக்காவுக்கு 16.5. இந்தப் பங்கீட்டை மாற்ற 85 சதவீத ஓட்டு தேவை, ஆக அமெரிக்கா சம்மதிக்காமல் எதுவும் நகராது. 2010-இல் ஒத்துக்கொண்ட சீர்திருத்தம் 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2023 டிசம்பரில் ஒதுக்கீட்டை, அதாவது ஓட்டைத் தீர்மானிக்கும் ஒவ்வொரு நாட்டின் பணப் பங்களிப்பை, 50 சதவீதம் உயர்த்த முடிவானபோதும் எல்லோருக்கும் ஒரே விகிதம், யார் பங்கும் மாறவில்லை. விடாமல் கேட்போம், ஆனால் இதையே முதலில் வைத்தால் மற்றதெல்லாம் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

மயூர் விகார் நண்பர்: சரி, அப்போ முதலில் எது?

கடன் மறுசீரமைப்பை, அதாவது கட்ட முடியாமல் தவிக்கும் நாட்டின் கடனைக் குறைத்தோ தவணையை நீட்டியோ தருவதை, வேகப்படுத்துவது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. இலங்கையைப் பாருங்கள், 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள், செப்டம்பரில் ஐஎம்எஃப் அதிகாரிகளோடு உடன்பாடு, அந்த மாதம் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு நின்றது, ஆனால் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2023 மார்ச்சில். நடுவில் எதற்குக் காத்திருந்தார்கள்? பாக்கியைத் தளர்த்துவோம் என்று கடன் கொடுத்த நாடுகள் தரும் உத்தரவாதத்துக்கு. இந்தியா ஜனவரியிலேயே கொடுத்துவிட்டது, சீனாவிடமிருந்து போதுமான உறுதி மார்ச்சில்தான் வந்தது. அத்தனை மாதமும் அங்கே ஒரு குடும்பம் மருந்துக்கும் பால்மாவுக்கும் பட்ட பாடு எந்த அறிக்கையிலும் முழுசாக வராது. அதே 2023-இல் ஐஎம்எஃப், உலக வங்கி, ஜி20 தலைமையிலிருந்த இந்தியா மூன்றும் சேர்ந்து, கடன் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் உட்கார்ந்து பேச, கடன் வட்டமேசையைத் தொடங்கின. உத்தரவாதம் தர இத்தனை வாரம்தான் என்று அங்கே கெடு வைக்கச் சொல்ல வேண்டும்.

ஆர்.கே.புரம் வாசகர்: சியாங் மாய் நிதி இருக்கிறதே, ஆசியாவே பார்த்துக்கொள்ளக் கூடாதா?

1997-இல் தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்த பிறகு, நெருக்கடியில் ஒருவருக்கொருவர் டாலர் கொடுத்து உதவ 2000-இல் பிறந்த ஏற்பாடு அது, இன்று 24,000 கோடி டாலர். ஒரு நாடும் இதுவரை அதிலிருந்து எடுத்ததில்லை, பெரும்பகுதியை எடுக்க ஐஎம்எஃப் திட்டமும் வேண்டும். அப்புறம், அது ஆசியான் எனும் தென்கிழக்கு ஆசிய நாடுகள், சீனா, ஜப்பான், கொரியாவுக்கு மட்டும். நம் பக்கம் இருப்பது ரிசர்வ் வங்கியின் சார்க் நாணய மாற்று ஏற்பாடு, அதாவது தெற்காசிய அண்டை நாடுகள் தங்கள் நாணயத்தைக் கொடுத்துத் தற்காலிகமாக டாலர் வாங்கிக்கொள்ளும் வசதி, 2022 ஜனவரியில் இலங்கைக்கு 40 கோடி டாலர் போனது அதில்தான். அதைப் பெரிதாக்க வாஷிங்டனைக் கேட்க வேண்டியதில்லை, டெல்லியே செய்யலாம்.