ஒரே கோர், இரண்டு அளவு: எந்த ஊடுருவுதிறனை எழுதுவது?

கேள்வி: பெருந்துறை அருகே கிணற்றில் 40 அடி ஆழத்தில் எடுத்த சிதைந்த நைஸ் (பட்டை பட்டையாக இருக்கும் உருமாறிய பாறை) கோர், அதாவது உருளை வடிவ மாதிரி. நைட்ரஜன் செலுத்தி ஊடுருவுதிறனை (பாறை வழியே வாயுவோ திரவமோ எவ்வளவு எளிதாக ஓடும் என்பதை) அளந்தால் 4 மில்லிடார்சி (அதன் அலகு) வருகிறது. அதே கோரில் காய்ச்சி வடித்த தண்ணீர் விட்டால் 1 மில்லிடார்சிதான். அதுவும் நேரமாக ஆகக் குறைகிறது. அறிக்கையில் எதை எழுதலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டையுமே எழுத வேண்டாம்.

வாயுவில் அளவு கூடுவது இயல்பு. துளைச் சுவரில் தண்ணீர் ஒட்டி நிற்கும், வாயு வழுக்கிக்கொண்டு போகும். 1941-ல் கிளிங்கன்பர்க் விளக்கியது இதைத்தான். சராசரி அழுத்தத்தை மாற்றி நான்கைந்து அளவு எடுங்கள். 'ஒன்றின் கீழ் அழுத்தம்' (1/அழுத்தம்) என்ற மதிப்புக்கு எதிராக ஊடுருவுதிறனை வரைந்து, கோடு ஊடுருவுதிறன் அச்சைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். வாயு விரிவதால் கணக்கில் அழுத்தங்களின் வர்க்க வித்தியாசத்தைப் போட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

ஆனால் இந்த மாதிரிப் பாறையில் வழுக்கல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும், நாலு மடங்காக்காது. மிச்சத்துக்குப் பெரும்பாலும் களிமண்தான் காரணம். சிதைந்த நைஸில் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் கயோலினைட் என்ற களிமண்ணாகியிருக்கும், கறுப்பு மைக்காவிலிருந்து வீங்கும் களிமண் வந்திருக்கும். உப்பில்லாத தண்ணீர் பட்டதும் கயோலினைட் உதிர்ந்து துளை வாயை அடைக்கும், மற்றது வீங்கும். எது என்று பார்க்க, கோரைத் திருப்பி எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். ஓட்டம் சட்டென ஏறி மறுபடி இறங்கினால் உதிர்ந்த துகள். அசையவே இல்லையென்றால் வீக்கம்.

அந்தக் கோர் இனி உதவாது. பக்கத்திலேயே புதிதாக ஒன்று எடுத்து 60 டிகிரியில் உலர்த்துங்கள். 105-ல் போட்டால் களிமண்ணின் அமைப்பே கெடும். வெற்றிடத்தில் வைத்துக் காற்றை முழுக்க இழுத்த பிறகு, அதே கிணற்றுத் தண்ணீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, காற்று நீக்கிச் செலுத்துங்கள்.

கோரைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் உறைக்கும் கோருக்கும் நடுவே கசிகிறதா என்பதையும் பாருங்கள். உறையை வெளியிலிருந்து அழுத்தும் சுற்றழுத்தத்தை மெல்ல ஏற்றும்போது ஓட்டம் குறைந்து நிலைக்கும் இடத்தில் உறை பிடித்துவிட்டது. அதற்குமேல் ஏற்றினால் இந்த மெத்துப் பாறை நசுங்கும்.

தண்ணீரின் வெப்பத்தை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு: 38 மிமீ விட்டம், 5 செமீ நீளக் கோர். அழுத்த வித்தியாசம் 2 அட்மாஸ்பியர். 10 நிமிடத்தில் 3.8 மில்லி வெளிவருகிறது என்று வைப்போம். ஈரோட்டு வெயில் காலத்தில் ஆய்வகத் தண்ணீர் 35 டிகிரி இருந்தால் பாகுநிலை (ஓடுவதற்குத் தண்ணீர் காட்டும் எதிர்ப்பு) 0.72 சென்டிபாய்ஸ், ஊடுருவுதிறன் 1.0 மில்லிடார்சி. புத்தகத்தில் உள்ள 20 டிகிரி மதிப்பான 1.0-ஐ அப்படியே போட்டால் 1.4 வந்துவிடும்.

நைஸின் பட்டைக்கு இணையாக ஒரு கோர், குறுக்கே ஒரு கோர் என இரண்டு அளவையும் தனித்தனியே எழுதுங்கள். நீர் செறிவூட்டல் குழிக்காக (மழைநீரை நிலத்தடியில் இறக்கும் குழி) இந்த எண் வேண்டுமென்றால், கிணற்றிலேயே பம்ப் சோதனையும் வையுங்கள். நம் பக்கத்துப் பாறையில் தண்ணீர் பெரும்பாலும் வெடிப்பு வழியாகத்தான் ஓடுகிறது. அந்த வெடிப்பு 38 மிமீ கோருக்குள் அகப்படாது.