வேலிச் சண்டையில் பல் உடைந்தால் மறியலா?

கிளிநொச்சியில் வேலிக் கதியால் நட்டதில் வாய்த்தர்க்கம் முற்றி, தம்பி பக்கத்து வளவுக்காரரை அடித்து அவருக்குப் பல் உடைந்துவிட்டது, மறியலுக்குப் போவானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பல்தானே என்று நினைக்காதீர்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவில், எலும்போ பல்லோ முறிந்தால் அது கடுங்காயம். வெறுங்கையால் அடித்திருந்தாலும் 316இன் கீழ் ஏழு வருடம் வரை சிறை, தண்டமும் உண்டு. மண்வெட்டி, கத்தி கையில் இருந்திருந்தால் 317. பத்து வருடம் வரை போகும். வெறும் வீக்கம், சிராய்ப்பு என்றால் 314, ஒரு வருடம்வரைதான். அப்படியானவை இரு பக்கத்தையும் சமரசம் செய்துவைக்கும் மத்தியஸ்த சபையிலேயே முடிவதுண்டு.

ஆகவே காயம் எந்த வகை என்று சொல்லும் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைதான் முக்கியம். தம்பிக்கும் அடி விழுந்திருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். காயம் ஆறினபிறகு "அவர்தான் முதலில் அடித்தவர்" என்று சொல்லி நிரூபிப்பது பெரும்பாடு.

பொலிஸ் பிடித்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். நீதவான் விளக்கமறியலில் வைத்தாலும் அது தண்டனை இல்லை, விசாரணைக்காக வைத்திருப்பது. முதல் தவணையிலேயே சட்டத்தரணி மூலம் பிணை கேளுங்கள். பிணை கிடைத்தபின் அந்த வேலிப்பக்கம் தம்பியை விடாதீர்கள். சாட்சியை வெருட்டினான் என்று முறைப்பாடு வந்தால் பிணையும் போய்விடும்.