பங்க் பெட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஃபேனை அண்ணாந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் பெண்ணுக்கு 8 வயது, பையனுக்கு 4. பல்லாவரத்தில் ஃபிளாட். பிள்ளைகளுக்கு ஒதுக்கிய அறை பத்துக்குப் பத்து. பங்க் பெட், ஸ்டடி டேபிள், வார்ட்ரோப் மூன்றையும் ‘கிட்ஸ் செட்’ என்று கடையில் தவணைக்குத் தருகிறார்கள். ‘எஞ்சினியர்டு வுட், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது’ என்கிறார் விற்பனையாளர். என் மாமனாரோ ஆசாரியை வைத்துச் செய்துகொள்ளலாம் என்கிறார். எதைக் கேட்பது?

பதில்: யாரையும் கேட்க வேண்டாம். ஓர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போய் ஃபேனுக்குக் கீழே நில்லுங்கள்.

ஃபிளாட்டில் தரையிலிருந்து கூரைக்கு ஒன்பதரை அடி இருந்தாலே பெரிது. ஃபேன் ஓர் அடியாவது இறங்கித் தொங்கும். இறக்கை எட்டு, எட்டரை அடியில் சுற்றுகிறது என்று வையுங்கள். பங்க் பெட்டின் மேல்தட்டு, மெத்தையோடு சேர்த்து ஐந்தேகால் அடி. உங்கள் பெண் அதில் உட்கார்ந்தாலே தலை ஏழரை அடிக்கு வந்துவிடும். காலையில் எழுந்து கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால்? ‘கட்டில் சுவரோரம்தானே, ஃபேன் நடுவில்தானே’ என்பார்கள். உங்கள் அறை பத்தடி, ஃபேனின் வீச்சு நாலடி. அப்படியென்றால் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் மூன்றே அடி. கட்டிலின் அகலமும் மூன்றடி, சட்டத்தோடு இன்னும் இரண்டு மூன்று அங்குலம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. இந்தக் கட்டில்கள் சீலிங் ஃபேன் இல்லாத ஊர்களுக்காக வரையப்பட்டவை. ஷோரூமிலும் மேலே ஃபேன் இருக்காது, ஏசி மட்டும்தான். அங்கே எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

பங்க் பெட்டே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய வீடு, பதினோரு அடிக் கூரை, ஃபேனைக் கழற்றிவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டத் தயார் என்றால் வாங்கலாம். அப்போதும் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளை மேல்தட்டில் படுக்கக் கூடாது. உங்கள் பையனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ‘அவன் கீழேதான் படுப்பான்’ என்பீர்கள். ஏணி ஒன்று எதிரே இருக்கும்போது நாலு வயசுப் பையன் கீழேயே இருப்பானா, நீங்களே சொல்லுங்கள். மேல்தட்டின் தடுப்புக் கம்பி மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து ஐந்து அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். மெத்தை என்ற சொல்லைக் கவனியுங்கள். கடையில் நாலு அங்குல மெத்தையைப் போட்டுக் காட்டிவிட்டு, பில் போடும்போது எட்டு அங்குலத்தைத் தலையில் கட்டுவார்கள். தடுப்பு இருந்த இடத்தில் வெறும் அலங்காரம்தான் மிஞ்சும். பங்க் பெட்டுக்கென்றே ஐ.எஸ். 17636 என்று நம் நாட்டிலேயே தரநிர்ணயம் இருக்கிறது. கடையில் கேட்டுப் பாருங்கள், அது பின்கோடு நம்பர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்து அந்த ‘எஞ்சினியர்டு வுட்’. எந்த எண்ணெய் என்று சொல்லாமல் ‘எண்ணெய்’ என்று மட்டும் சொல்லி விற்பது மாதிரிதான் இதுவும். பிளைவுட்டும் அதுதான், மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டும் அதுதான். கதவைத் திறந்து, கீல் உட்கார்ந்திருக்கும் குழியிலோ, ஒட்டுப்பட்டி போடாத பின்விளிம்பிலோ பாருங்கள். வீச்சுப் பரோட்டாவைப் பிய்த்த மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ரவை மாதிரி பொலபொலவென்று இருந்தால் பார்ட்டிகிள் போர்டு. நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம். பார்ட்டிகிள் போர்டின் அடிவிளிம்பு ஒரு மழைக்காலம் தாண்டினால் டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி உப்பும். ஒருமுறை உப்பியது பழையபடி ஆகாது. வாரண்டி அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ‘நீர்ச்சேதம் பொருந்தாது’ என்று பொடி எழுத்தில் இருக்கும். எதை வாங்கினாலும் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்ந்த கால் இருக்கட்டும்.

மாமனார் சொல்வது பாதி சரி. ஆசாரி நல்லவராகவே இருக்கட்டும். பிளைவுட் கடையில் தாளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் போகும், அது உங்கள் பில்லில்தான் ஏறும். அதனால் கூலி தனி, சரக்கு தனி என்று பேசி, பலகையை நீங்களே வாங்குங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது தண்ணீரைத் தாங்கும். ஐ.எஸ். 303 என்ற இன்னொரு தரத்தில் சாதாரண ரகமும் உண்டு, படுக்கையறை அலமாரிக்கு அது போதும். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று ஓர் உரிம எண் இருக்கும். இந்தியத் தரநிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் அது யாருடையது என்று தெரிந்துவிடும். ‘710’ என்று வெறுமனே அச்சடிக்க யாராலும் முடியும். அறுப்பதற்கு முன் முத்திரையைப் படம் எடுத்து வையுங்கள். மேலே மைக்கா ஒட்டியபின் உள்ளே என்ன இருக்கிறது என்பது ஒட்டியவருக்குத்தான் வெளிச்சம். ‘தேக்கு ஃபினிஷ்’ என்று பில்லில் எழுதினால் அது தேக்கு நிறம், தேக்கு அல்ல.

மேசை விஷயத்தில் செட்டு போடுகிறவர்கள் பெரியவர்கள் அளவைத்தான் தருவார்கள், முப்பது அங்குலம். நாலடி உயரப் பிள்ளைக்கு உட்காரும் உயரம் 14 அங்குலம், மேசை 24 அங்குலம் இருந்தால் போதும். அது கிடைக்காவிட்டால் நாற்காலியை உயர்த்தி, காலுக்கடியில் ஒரு மணைப்பலகையைப் போடுங்கள். பாதம் அந்தரத்தில் தொங்கக் கூடாது, அவ்வளவுதான்.

அலமாரி எதுவானாலும் சுவரோடு எல்-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிள்ளைகள் டிராயரை ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டாக்கி ஏறுவார்கள், அலமாரி அப்படியே முன்னால் சாயும். குழந்தைகள் மேல் சாய்ந்து உயிர்கள் போனதால் 2016-இல் ஐகியா அமெரிக்காவில் மட்டும் சுமார் 2.9 கோடி அலமாரிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. இங்கே டெலிவரிக்கு வரும் பையன் அந்தக் கிளாம்ப்பைப் பையிலேயே வைத்துவிட்டுப் போவான். ‘சுவரில் ஓட்டை போட வேண்டாமே சார்’ என்று நாமும் தலையாட்டுவோம்.

ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உப்பிப்போன ஒரு வார்ட்ரோப்புக்காக நான் சாட்சி சொல்லப் போன வழக்கில், முதல் வாய்தாவுக்கும் தீர்ப்புக்கும் நடுவே அந்தப் பிள்ளை மூன்று வகுப்பு தாண்டிவிட்டது. அதனால் பில்லில் ‘பிளைவுட்’, ‘பார்ட்டிகிள் போர்டு’ என்று பொருளின் பெயரை எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

உங்கள் அறைக்கு நான் சொல்வது இது: ஆறுக்கு மூன்று அடியில் ஒரு கட்டில், அதற்கடியில் சக்கரம் வைத்து இரவில் இழுத்துக்கொள்ளும் இன்னொரு கட்டில். பகலில் விளையாட இடம் கிடைக்கும், விழுந்தாலும் ஒரு ஜாண்தான். மெத்தையை மட்டும் கட்டில் வந்தபிறகு வாங்குங்கள். மெத்தை 72, 75, 78 அங்குலம் என்று மூன்று நீளத்தில் வருகிறது. ஆசாரியின் ஆறடி என்பது சட்டத்தின் வெளியளவா உள்ளளவா என்று அவர் வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.