ஆர்டர் பெரிதானால் வயிறு கலக்குகிறதா? கேள்வி பதில்

திருப்பூரில் 2004-இல் நான்கு தையல் மெஷினோடு ஜாப் ஒர்க், அதாவது பிற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது, ஆரம்பித்தேன். இன்று 120 பேர் வேலை பார்க்கிற யூனிட். "இதற்கெல்லாம் எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்ற சந்தேகத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் மனநல மருத்துவர் இல்லை, தொழில் செய்கிறவள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை, மசாலாப் பொடி: வீட்டு மாடியில் ஆரம்பித்தேன் அக்கா. போன வருஷ விற்பனை 1 கோடியைத் தாண்டியது. யாராவது பாராட்டினால் "ஏதோ குருட்டு அதிர்ஷ்டம், ஒரு நாள் சாயம் வெளுத்துவிடும்" என்றுதான் தோன்றுகிறது. இதுதான் இம்போஸ்டர் சிண்ட்ரோமா?

அதுவேதான். ஆனால் நோய் என்று பயப்பட வேண்டாம். 1978-இல் பாலின் க்ளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் நன்றாக முன்னேறிய 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிப் பார்த்து எழுதியது. பட்டம், பதவி எல்லாம் இருந்தும் "எல்லோரையும் ஏமாற்றி வந்துவிட்டேன்" என்று நினைத்தவர்கள் அவர்கள். சிண்ட்ரோம் என்ற சொல்லை அந்த இருவரும் போடவே இல்லை, பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

இந்தப் புத்தி எப்படிக் கணக்கு எழுதுகிறது என்று பாருங்கள். ராப்பகலாக உழைத்து ஆர்டரை முடித்தால் "உழைத்தேன், அவ்வளவுதான், திறமை இல்லை" என்கிறது. சுலபமாக முடிந்தால் "அதிர்ஷ்டம்" என்கிறது. எப்படிப் பார்த்தாலும் உங்கள் பேரில் வரவு விழுவதே இல்லை.

பில் புக்கை எடுங்கள். மறுபடி வாங்கினவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். முதல் பாக்கெட் அதிர்ஷ்டத்தில் போயிருக்கலாம். ஏழாவது தடவை மல்லிப்பொடி வாங்குகிறவருக்கு உங்கள் அதிர்ஷ்டத்தோடு என்ன வேலை?

கரூர், வீட்டு ஜவுளி: விலை சொல்லும்போது வாய் தானாகக் குறைத்துச் சொல்லிவிடுகிறது. "இவ்வளவு கேட்க நாம் யார்" என்று இருக்கிறது.

சந்தேகத்துக்கு நாம் கட்டுகிற வட்டி இதுதான். இதில் நான் நிறையவே கட்டியிருக்கிறேன்.

முதல் நேரடி ஆர்டர், ஒரு டி-ஷர்ட். நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங், வேஸ்ட் எல்லாம் போட்டு ஒரு பீஸ் 142 ரூபாய் வந்தது. காஸ்டிங் ஷீட்டில் பென்சிலால் 165 என்று எழுதியிருந்தேன். பையரின் ஆள் எதிரே உட்கார்ந்ததும் 146 என்றேன். அவர் பேரமே பேசவில்லை. "ஓகே மேடம்" என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். அந்த "ஓகே"தான் ராத்திரி முழுக்கக் காதில் கேட்டது. 6,000 பீஸ். ஒரு லாட் துணி ஷேடு மாறி வந்ததில் அந்த நாலு ரூபாயும் போயிற்று.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். விலையை வாயால் சொல்வதில்லை. டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, மேஜையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். கூச்சம் எனக்குத்தானே, காகிதத்துக்கு இல்லையே. "குறைக்க முடியுமா" என்று கேட்டால் "எதைக் குறைக்கலாம், ஜிஎஸ்எம்மா (துணியின் கனம்), பிரிண்டா?" என்று திருப்பிக் கேட்பேன்.

கோவை, லேத் பட்டறை: நான் பத்தாவது. எம்பிஏ படித்த மேனேஜரை வேலைக்கு வைத்திருக்கிறேன். அவர் பேசும்போது எனக்கே நான் முதலாளி மாதிரி தெரியவில்லை.

அண்ணா, இங்கே இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதது ஒன்று. தெரிந்திருந்தும் மதிக்காமல் விட்டது இன்னொன்று. முதலாவது சந்தேகமே இல்லை, சரியான தகவல். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எக்செலில் ஏதாவது புரியாவிட்டால் "திரும்பச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டுவிடுங்கள். தலையாட்டிவிட்டு வீட்டில் போய் மருகுவதுதான் ஆபத்து.

இரண்டாவதைச் சொல்கிறேன். சனிக்கிழமை சம்பளம் போட்டால் திங்கள் காலை யார் வரமாட்டார்கள் என்று என் மேனேஜருக்குத் தெரியாது. எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும், லைனை மாற்றிப் போட்டுவிடுவேன். மெஷின் சத்தம் மாறினாலே டூல் போகப்போகிறது என்று உங்களுக்குத் தெரியுமல்லவா? எந்தப் பட்டத்திலும் அது வராது. உங்களுக்குச் சாதாரணமாகிவிட்டதால் திறமை என்றே தோன்றவில்லை.

ஈரோடு, அச்சகம்: பெரிய கம்பெனி மூன்று மாதமாகப் பணம் தரவில்லை. கேட்கத் தயக்கம். "சின்ன ஆள் நாம், ஆர்டர் தருவதே பெரிது" என்று இருக்கிறது.

தயவு கேட்கவில்லை, உங்கள் காசைக் கேட்கிறீர்கள். குறு, சிறு தொழில்களுக்கு 2006-ஆம் வருஷச் சட்டமே இருக்கிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. முதலில் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் ஆன்லைனில் இலவசமாகவே செய்யலாம். அடுத்த பில்லின் அடியில் அந்த நம்பரையும் 45 நாள் விதியையும் அச்சடித்துவிடுங்கள். அச்சகம் உங்களுடையதுதானே!

சென்னை, சாஃப்ட்வேர்: எனக்கு இந்த மாதிரி சந்தேகமே வந்ததில்லை. ஏதாவது குறையா?

உங்கள் கணக்குப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பெயர், ஊர் வேண்டாம்: மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. காலையில் ஆபீஸ் கதவைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. எதிலும் பிடிப்பு இல்லை.

இதற்கு பில் புக் வைத்தியம் போதாது. நெஞ்சுப் படபடப்பை முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், இந்த வாரமே. பேச வேண்டும் போலிருந்தால் டெலி மானஸ், 14416. அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தொழில் பத்து நாள் காத்திருக்கும்.

திண்டுக்கல், தோல்: உங்களுக்கு இப்போதும் வருகிறதா அக்கா?

போன மாதம்கூட வந்தது. வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வந்தார்கள். கேள்வியெல்லாம் இங்கிலீஷில். வாசலில் கார் நின்றதுமே உள்ளங்கை வேர்த்துவிட்டது. வந்தவர் நேராக உடைந்த ஊசி ரெஜிஸ்டரைக் கேட்டார். தையலில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ஒட்டிவைக்க வேண்டும், ஒரு துண்டு துணியில் தங்கினாலும் குழந்தைக்குக் குத்தும். ஒரு பக்கத்தில் மூன்று துண்டு ஒட்டியிருந்தது, நுனி மட்டும் இல்லை. "வேர் இஸ் த டிப்?" என்றார்.

எனக்கு இங்கிலீஷ் ஓடவில்லை. எழுந்து, அன்றைக்கு ஒதுக்கிவைத்த 40 பீஸ் மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி அவர் முன்னால் வைத்தேன். நுனி கிடைக்காததால் அந்த பண்டிலையே அனுப்பவில்லை, தேதி போட்டுக் கட்டிவைத்திருந்தோம். அவர் எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எனக்குக் கை நடுக்கம் நிற்க மத்தியானம் ஆயிற்று.